பன்றி என்றார்கள், பாடிக் காட்டினார்கள்!

குழந்தை சோறு தின்ன மறுத்து அடம் பிடிக்கிறது. தாய் என்ன சொல்கிறாள்? "இந்தா, போலீஸ்காரன் வர்றான்! பிடிச்சுக் குடுத்துடுவேன்!" அவ்வளவுதான். குழந்தை கப்சிப். சோறு உள்ளே போகிறது. சோற்றோடு சேர்ந்து பயமும் உள்ளே போகிறதே, அதை நாம் கவனிக்கிறோமா?

வாசக அன்பர்களே, தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இந்தப் பயம் புதிதல்ல. செம்மண் சாலையில் போலீஸ் ஜீப் புழுதி கிளப்பி வந்தால் போதும், லயத்து வாசலில் ஆடிக் கொண்டிருந்த பிள்ளைகள் அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்து கொள்வார்கள். குற்றம் செய்தவன் மட்டுமா பயந்தான்? ஒரு குற்றமும் அறியாத பாட்டியும் கதவைச் சாத்தினாள்.

காரணம் இல்லாமல் இல்லை. 1948 முதல் 1960 வரை நடந்த அவசரகாலத்தை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். முள்வேலிக்குள் குடியிருப்பு, ஊரடங்கு, வாசலில் சோதனை! பால் மரம் வெட்டப் போகிறவர் வேலைக்காட்டுக்குச் சோறு கொண்டு போகக்கூட தடை இருந்த இடங்கள் உண்டு. துப்பாக்கிக்காரர்களுக்குக் காட்டில் சோறு போய்ச் சேரக் கூடாது என்பது அரசாங்கத்தின் எண்ணம். ஆனால், சோற்றுத் தூக்கைத் திறந்து பார்த்த அந்தக் காக்கிச் சட்டையை வயிற்றுக்காரன் எளிதில் மறப்பானா? அந்த நினைவு பேரப் பிள்ளைகள் வரைக்கும் தொடர்ந்து வந்து விட்டது.

சரி, சட்டத்தைக் காப்பவனைக் கண்டு சாதாரண மனிதன் பயப்படுவது நம் ஊரில் மட்டும்தானா? இல்லவே இல்லை. உலகத்தின் மறுகோடியில், நம்மைவிடப் பல மடங்கு பயத்தோடும் கோபத்தோடும் ஒரு நகரம் இருந்தது. அந்த நகரத்துப் போலீஸ்காரர்கள் சிலர் ஒரு விசித்திரமான காரியம் செய்தார்கள். கிட்டாரையும் டிரம்மையும் எடுத்துக் கொண்டு பள்ளிக்கூடங்களுக்குப் பாடப் போனார்கள்!

அந்தக் கதையைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

கார் பிறந்த ஊர்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இருக்கிறது டிட்ராய்ட் நகரம். "எங்கோ இருக்கும் அந்த ஊருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கிறீர்களா? சம்பந்தம் உண்டு. ஒரு காலத்தில் உலகுக்கு மிக அதிகமாக ரப்பர் தந்த நாடு மலாயா. அதை மிக அதிகமாக வாங்கிய நாடு அமெரிக்கா. நம் பாட்டனும் பாட்டியும் விடியற்காலையில் மங்கில் ஏந்திய பால்தான் கப்பலேறிப் போய் டயராயிற்று. டிட்ராய்ட்டில் செய்த கார்கள் அப்படிப்பட்ட டயர்களின் மேல்தான் உருண்டன.

ஹென்றி ஃபோர்டு 1914-ல் தன் தொழிலாளிக்கு நாளொன்றுக்கு 5 டாலர் தருவதாக அறிவித்தார். அந்தக் காலத்தில் அது பெரிய காசு. பிழைப்புத் தேடி நாலா பக்கத்திலிருந்தும் ஜனங்கள் வந்து குவிந்தார்கள். தென் மாநிலங்களில் பருத்திக் காட்டில் மாடாய் உழைத்த கறுப்பின மக்களும் ரயிலேறி வந்தார்கள். வேலை கிடைத்தது. ஆனால் மரியாதை? நல்ல தெருவில் வீடு கிடைக்காது. நல்ல உத்தியோகம் கிடைக்காது. போலீஸ்காரர் நிறுத்தினால் கேள்வி கேட்க முடியாது.

1960-களில் அந்நகரத்து ஜனங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கறுப்பினத்தவர். போலீஸ் படையிலோ நூற்றுக்குச் சுமார் 5 பேர்தான்! பெரிய காரில் நான்கு போலீஸ்காரர்கள் சுற்றி வருவார்கள். 'பிக் ஃபோர்', அதாவது 'பெரிய நால்வர்' என்று அவர்களுக்குப் பெயர். அந்தக் கார் தெருமுனையில் திரும்பினால், நம் லயத்துப் பிள்ளைகள் ஜீப்பைக் கண்டு ஓடினார்களே, அதே ஓட்டம்தான் அங்கும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். டிட்ராய்ட் கார் செய்த ஊர் மட்டுமல்ல, பாட்டுச் செய்த ஊரும்கூட. கார்த் தொழிற்சாலையில் வேலை செய்த பெர்ரி கோர்டி என்ற கறுப்பின இளைஞர், 1959-ல் குடும்பத்தாரிடம் 800 டாலர் கடன் வாங்கி ஓர் இசைத்தட்டுக் கம்பெனியைத் தொடங்கினார். அதுதான் உலகப் புகழ் பெற்ற மோட்டவுன். ஒரு சாதாரண வீட்டையே ஒலிப்பதிவுக் கூடமாக்கினார். கண் தெரியாத சிறுவன் ஸ்டீவி வண்டர் 11 வயதில் வந்து சேர்ந்தது அங்கேதான். டயானா ராஸ் போன்ற ஏழை வீட்டுப் பிள்ளைகள் நட்சத்திரமானதும் அங்கேதான். அந்த ஊர்ப் பிள்ளைகளின் காதுக்கு நல்ல பாட்டு எது, போலிப் பாட்டு எது என்று உடனே தெரிந்துவிடும்!

பாட்டு நின்ற இரவு

1967-ம் ஆண்டு ஜூலை 23. ஞாயிற்றுக்கிழமை, இன்னும் பொழுது விடியவில்லை. 12-வது தெருவில் அனுமதியில்லாமல் நடந்த ஒரு மதுக்கூடத்தில் போலீசார் புகுந்தார்கள். நம் பக்கத்தில் சம்சு விற்ற இடங்களைப் போல என்று வைத்துக் கொள்ளுங்களேன். அங்கே அத்தகைய இடத்துக்குக் கொச்சைப் பேச்சில் 'பிளைண்ட் பிக்' என்று பெயர். அதாவது 'குருட்டுப் பன்றி'! இந்தப் பன்றியை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். பின்னால் இன்னொரு பன்றி வரப் போகிறது.

வியட்நாம் போர்முனையிலிருந்து திரும்பிய இரண்டு வீரர்களை வரவேற்க அங்கே விருந்து நடந்து கொண்டிருந்தது. எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். போலீசார் அத்தனை பேரையும் கைது செய்தார்கள். வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடிற்று. யாரோ ஒரு பாட்டிலை வீசினார்கள். பல ஆண்டுகளாக உள்ளே புகைந்து கொண்டிருந்தது குப்பென்று பற்றிக் கொண்டது.

அன்று நகரின் பெரிய அரங்கம் ஒன்றில் மோட்டவுன் பாடகி மார்த்தா ரீவ்ஸ் பாடிக் கொண்டிருந்தார். ஊர் எரிகிறது, அமைதியாக வீட்டுக்குப் போங்கள் என்று ரசிகர்களுக்குச் சொல்ல வேண்டிய பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. பாட்டு நின்றது.

கலவரம் ஐந்து நாள் நடந்தது. இராணுவமே வந்து இறங்கிற்று. செத்தவர்கள் 43 பேர். அவர்களில் 33 பேர் கறுப்பினத்தவர். கைதானவர்கள் 7,000 பேருக்கு மேல். இறந்தவர்களில் 4 வயதுச் சிறுமி ஒருத்தியும் உண்டு. அவள் வீட்டில் யாரோ சிகரெட் பற்ற வைத்த வெளிச்சத்தை, துப்பாக்கி வெடித்த வெளிச்சம் என்று எண்ணிக் காவல் நின்ற படையினர் சுட்டுவிட்டார்கள். பயம் இரண்டு பக்கமும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

ஜனாதிபதி ஜான்சன் ஒரு விசாரணைக் குழுவை அமைத்தார். கெர்னர் குழு என்று பெயர். 1968 பிப்ரவரியில் அதன் அறிக்கை வெளிவந்தது. கலவரம் நடந்த நகரங்களில் கறுப்பின மக்களின் மனக்குறைகளைக் குழு வரிசைப்படுத்திற்று. முதல் வரிசையில் நின்றவை மூன்று: போலீசார் நடந்து கொள்ளும் முறை, வேலையின்மை, நல்ல வீடு இல்லாமை.

வசவையே பெயராக்கினார்கள்

கலவரத்துக்குப் பிறகு டிட்ராய்ட்டில் போலீஸ்காரருக்கும் ஜனங்களுக்கும் இடையே பேச்சே அற்றுப் போயிற்று. இளைஞர்கள் போலீஸ்காரரைப் பார்த்தால் "பன்றி!" என்று கூவினார்கள். இது பழைய வசவு. 1811-ல் லண்டனில் வந்த கொச்சைச் சொல் அகராதியிலேயே 'பன்றி' என்றால் போலீஸ்காரன் என்று இருக்கிறது. 1960-களில் கறுப்பின மக்களின் போராட்டப் பத்திரிகைகள் போலீஸ்காரரைப் பன்றியாகவே படம் போட்டுப் பரப்பின.

1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் டிட்ராய்ட் போலீஸ் இலாகாவில் ஓர் இசைக்குழு உருவாயிற்று. இராணுவ நடையில் ஊதும் பேண்டு வாத்தியம் அல்ல; இளைஞர்கள் ஆடிப் பாடும் ராக் இசைக்குழு. வாசித்தவர்கள் வாடகைக் கலைஞர்கள் அல்ல. சத்தியப் பிரமாணம் எடுத்த போலீஸ்காரர்கள். அவர்கள் தங்கள் குழுவுக்கு என்ன பெயர் வைத்தார்கள் தெரியுமா?

'புளூ பிக்ஸ்'! தமிழில் சொன்னால் 'நீலப் பன்றிகள்'. நீலம் அவர்கள் போடும் சீருடையின் நிறம். பன்றி ஊரார் கொடுத்த பட்டம்!

யோசித்துப் பாருங்கள். உங்களை ஒருவன் கேவலமான பெயர் சொல்லித் திட்டுகிறான். நீங்கள் சண்டைக்குப் போகலாம். வழக்குப் போடலாம். அல்லது, "ஆமப்பா, அதுதான் என் பேரு. வா, உட்கார், ஒரு பாட்டுக் கேள்!" என்று சொல்லலாம். மூன்றாவது வழியில் போனால் திட்டியவனுக்கு மேற்கொண்டு திட்ட வார்த்தை கிடைக்காது. சிரித்துவிடுவான். சிரித்தவனோடு பேசலாம்.

குழு பெரும்பாலும் போன இடம் பள்ளிக்கூடங்கள். பெரியவர்களின் மனத்தைத் திருப்புவது கடினம். பிள்ளைகளின் மனம் இன்னும் இறுகவில்லை. அதனால்தான் அங்கே போனார்கள்.

பள்ளி மண்டபத்தைக் கண்முன் கொண்டு வந்து பாருங்கள். சீருடைக்காரர்கள் மேடையில் நிற்கிறார்கள். பிள்ளைகள் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள். டிரம் அதிர்கிறது. கிட்டார் எழுகிறது. வானொலியில் தாங்கள் தினமும் கேட்கிற பாட்டு! கால் தானாகத் தாளம் போடுகிறது. இரண்டு பாட்டுக்கு நடுவே ஒரு போலீஸ்காரர் பேசுகிறார். படிப்பை நிறுத்தாதே, போதைப் பொருளைத் தொடாதே என்கிறார். அதே புத்திமதியை விறைப்பாக நின்று சொன்னால் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டிருப்பார்கள். பாட்டுக்குப் பின்னால் வரும்போது கொஞ்சமாவது தங்குகிறது. நம் தோட்டத்துத் திருவிழாவில் இன்னிசை நிகழ்ச்சிக்கு நடுவே தலைவர் பேச எழுந்தால் கூட்டம் கலையாமல் இருப்பது எதனால்? அடுத்த பாட்டு வரப் போகிறது என்பதால்தானே!

அந்தப் புத்திமதி தேவைப்பட்ட ஊர்தான் அது. 1974-ம் ஆண்டில் மட்டும் டிட்ராய்ட்டில் 714 கொலைகள் நடந்தன. 1980-களில் 'கிராக்' என்னும் போதைப் பொருள் வந்து ஏழைக் குடும்பங்களைச் சூறையாடிற்று.

ஒரே சீருடை, இரண்டு முகம்

இத்தோடு முடித்தால் கதை இனிப்பாக இருக்கும். ஆனால், வாசகர்களே, உங்களுக்குப் பாதிக் கதையைச் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் இல்லை.

அதே இலாகா 1971-ல் 'ஸ்ட்ரெஸ்' என்ற தனிப்படையை அமைத்தது. வழிப்பறியை ஒழிப்பது நோக்கம். போலீஸ்காரர் குடிகாரனைப் போலவோ கிழவனைப் போலவோ வேடமிட்டுத் தெருவில் நடப்பார். யாராவது கைவைத்தால் மறைந்திருக்கும் மற்றவர்கள் பாய்வார்கள். இந்தப் படை நடந்து கொண்ட விதம் என்ன? மூன்று ஆண்டுக்குள் 20-க்கும் மேற்பட்டவர்கள் அதன் கையில் உயிரிழந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய எல்லாரும் கறுப்பினத்தவர்.

ஒரு சிறுவனின் நிலைமையை எண்ணிப் பாருங்கள். காலையில் பள்ளி மண்டபத்தில் ஒரு நீலச் சட்டைக்காரர் பாடிக் கைகுலுக்குகிறார். இரவில் இன்னொருவர் அவன் தெருவில் துப்பாக்கியோடு நிற்கிறார். சம்பளம் கொடுப்பது ஒரே இலாகா. சிறுவன் எதை நம்புவான்? பாடியவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால், அவர்கள் பகலில் கட்டியதை அவர்களுடைய கூட்டாளிகளே இரவில் இடித்தார்கள்.

கதவைத் தட்டுவதற்குப் பாட்டு நல்ல கை. கதவைத் திறந்த பிறகு உள்ளே வருவது யார் என்பதுதான் கேள்வி. அதைப் பாட்டுக்காரர்கள் மட்டும் தீர்மானிக்க முடியாது.

தீர்மானித்தது எது? வாக்குச் சீட்டு! 1973 நவம்பரில் நடந்த மேயர் தேர்தலில் 'ஸ்ட்ரெஸ்' படையைக் கலைப்பேன் என்று வாக்குறுதி கொடுத்து நின்றார் கோல்மன் யங். ஒரு காலத்தில் ஃபோர்டு தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், தொழிற்சங்கவாதி. வென்றார். டிட்ராய்ட்டின் முதல் கறுப்பின மேயரானார். 1974-ல் அந்தப் படை கலைக்கப்பட்டது. குடியிருப்புகளுக்குள்ளேயே சிறு சிறு போலீஸ் நிலையங்களைத் திறந்தார். கறுப்பின மக்களையும் பெண்களையும் போலீஸ் வேலைக்குச் சேர்த்தார். 20 ஆண்டு மேயராக இருந்து அவர் விலகிய நேரத்தில், படையில் ஏறக்குறைய பாதிப்பேர் கறுப்பினத்தவர். "நம்ம தெருப் பிள்ளை" என்று சொல்லக்கூடிய போலீஸ்காரர்கள் வந்து விட்டார்கள்.

அதன் பிறகு பாலும் தேனும் ஓடிற்றா? இல்லை. 1992-ல் கறுப்பின மனிதர் ஒருவர் போலீஸ்காரர்களால் கைவிளக்கால் அடிபட்டு இறந்தார். அடித்தவர்கள் கூண்டில் ஏற்றப்பட்டார்கள். 2003-ல் பலப் பிரயோகத்திலும் கைதிகளை நடத்தும் விதத்திலும் சீர்திருத்தம் வேண்டும் என்று, இலாகா நீதிமன்றக் கண்காணிப்பின் கீழ் வந்தது. பல ஆண்டுகள் அது நீடித்தது. நம்பிக்கை என்பது ஒரு நாளில் நடும் கொடிக்கம்பம் அல்ல. பால் மரம் போல. நட்டு, களை பிடுங்கி, வருஷக் கணக்கில் காத்திருந்தால்தான் பால் கொடுக்கும். தப்பாக ஒரு வெட்டு ஆழமாய் விழுந்தால் மரம் நெடுநாள் ஆறாது.

நம் பக்கத்தில்...

போலீசும் பாட்டும் சேர்வது டிட்ராய்ட்டில் மட்டும் நடந்த அதிசயம் அல்ல. ஆஸ்திரேலியாவின் தென் மாநிலத்தில் போலீஸ் வாத்தியக் குழு 1884-லேயே தோன்றிவிட்டது. நம் பக்கத்துச் சிங்கப்பூரில் 1925 முதல் போலீஸ் வாத்தியக் குழு இருக்கிறது. ரஷ்யாவின் போலீஸ் பாடகர் குழு 2014 குளிர்கால ஒலிம்பிக் தொடக்க விழாவில் நவநாகரிக நடனப் பாட்டு ஒன்றைப் பாடி உலகத்தையே வியக்க வைத்தது. ஆனால், 1977-ல் லண்டனில் தோன்றிய 'தி போலீஸ்' என்ற ராக் குழுவைக் கேள்விப்பட்டு ஏமாந்து போகாதீர்கள். அதில் போலீஸ்காரர் ஒருவர்கூட இல்லை. பாடகர் ஸ்டிங் பள்ளி வாத்தியாராக இருந்தவர்!

பாட்டோடு நிற்காமல் தெருவுக்கே வந்ததும் உண்டு. சிங்கப்பூரில் 1983 ஜூன் மாதம் தோ பாயோ வட்டாரத்தில் முதல் அக்கம்பக்கப் போலீஸ் நிலையம் திறக்கப்பட்டது. ஜப்பானியரின் 'கோபான்' என்ற சிறு காவல் நிலைய முறையைப் பார்த்து எடுத்துக் கொண்ட ஏற்பாடு அது. போலீஸ்காரர் காரில் பறந்து போகாமல், அடுக்குமாடி வீடுகளுக்கு நடந்து வந்து, வீட்டுக்காரரோடு முகம் பார்த்துப் பேச வேண்டும் என்பது அதன் நோக்கம். கோல்மன் யங் டிட்ராய்ட்டில் திறந்த சிறு நிலையங்களின் நோக்கமும் இதுதான். பாட்டுக் கச்சேரி ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். முகப்பழக்கம் நாள்தோறும் தொடரும்.

வீட்டில் தொடங்குவோம்

நம் பிள்ளைகளில் எத்தனையோ பேர் தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக் குடியிருப்புகளுக்கு வந்து விட்டார்கள். அங்கே கூடாத சகவாசமும் இருக்கிறது. கெட்ட பொருளும் இருக்கிறது. பிள்ளைக்கு ஆபத்து என்றால் அது யாரிடம் ஓடும்? போலீசைக் கண்டால் ஒளிந்து கொள்ள நாம்தான் அதற்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோமே! வழி தவறிய பிள்ளை, மிரட்டப்படும் பிள்ளை, தவறான கை தீண்டிய பிள்ளை, வாய் திறந்து சொல்ல வேண்டாமா?

ஆகவே, பள்ளியிலோ கோயில் மண்டபத்திலோ போலீஸ்காரர்கள் வந்து பேசினால் பிள்ளையைக் கூட்டிக் கொண்டு போங்கள். கைதட்டுவதோடு நின்றுவிடாதீர்கள். கேள்வி கேளுங்கள். நியாயமான குறை இருந்தால் மரியாதையாக, தைரியமாகச் சொல்லுங்கள். டிட்ராய்ட் ஜனங்கள் பாட்டையும் கேட்டார்கள், நியாயத்தையும் கேட்டார்கள். பாட்டைக் கேட்டதோடு ஓய்ந்திருந்தால் 'ஸ்ட்ரெஸ்' படை கலைந்திருக்காது. நியாயம் கேட்டு வாக்குப் போட்டதால்தான் கலைந்தது.

பிள்ளைகளில் ஒருவன், ஒருத்தி, போலீஸ் உத்தியோகத்துக்குப் போக விரும்பினால் தடுக்காதீர்கள். "நம்ம தெருப் பிள்ளை" அந்தச் சீருடையைப் போட்டால்தான் மற்றப் பிள்ளைகளுக்குப் பயம் தெளியும்.

கடைசியாகத் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. நாளைக்குக் குழந்தை சோறு தின்ன அடம் பிடித்தால் போலீஸ்காரரைக் கூப்பிடாதீர்கள். ஒரு பாட்டுப் பாடுங்கள். சோறும் உள்ளே போகும். பயமும் உள்ளே போகாது!